நாலு போல்ட்டும் ரேணுகாம்பாளும்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அவலூர்பேட்டை ரோட்டில் தருமன் பில்டிங் என்று சொன்னால் போதும். எந்த ஆட்டோக்காரரும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார். அந்தத் தருமன் நான்தான். நாலாவது வரைக்கும் படித்தேன். அந்த நாலாவதும் முழுசாக இல்லை. மோட்டார் ரிவைண்டிங் பட்டறையில் செம்புக் கம்பி சுற்ற உட்கார்ந்தவன், இருபத்தெட்டு வயதில் சொந்தப் பட்டறை போட்டேன். இந்த ஜில்லாவில் கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மோட்டாரில் பாதி என் கை பட்டதாகத்தான் இருக்கும். இப்போது மூன்று மாடி நிற்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதென்றால் இன்னும் நிறைய இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ரேணுகாம்பாளைப் பற்றி.

என் பில்டிங்கின் கீழ்த்தளத்தில் நாலு கடைகள். மூன்றில் ஆள் இருந்தது. படிக்கட்டை ஒட்டிய நாலாவது, ஜெராக்ஸ்காரர் காலி செய்த பிறகு பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் மணிவேல், என் மனைவி தங்கம்மாளின் அண்ணன் மகன். செல்போன் கவர் விற்கப்போவதாகச் சொன்னான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தொழில் மாற்றுகிறவன் அவன். எந்த ஆயுதத்துக்குப் பொட்டு வைப்பது என்று அவன் அம்மாவுக்கே குழப்பம். இன்னொருத்திதான் ரேணுகாம்பாள்.

முப்பத்து மூன்று வயது இருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். தோளில் பள்ளிப் பிள்ளைகள் மாட்டுகிற பை, பையின் மேல் ஒரு முயல் பொம்மை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஸ்கூல் விசாரிக்க வந்தவள் என்று நினைத்து, பக்கத்து ஸ்கூலுக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவள் முழு வழியையும் கேட்டுக்கொண்டாள். பிறகு பையைத் திறந்து காட்டினாள். ஸ்பானர், டெஸ்டர், மீட்டர், சுருட்டி வைத்த ரப்பர் குழாய்.

"வாஷிங் மிஷின் ரிப்பேர் பண்றேங்க. கடை வேணும்."

"யாரு பண்றது, வீட்டுக்காரரா?"

"அவரு வேன் ஓட்டறாருங்க. ரிப்பேர் நான்தான்."

இதே கேள்வியைக் கேட்ட பன்னிரண்டாவது பில்டிங்காரன் நான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மற்றவர்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்களாம். அந்த மனுஷனும் ஒரு தடவை வந்து நின்றிருக்கிறார். மிஷினைப் பற்றி அவரிடம் கேட்டபோது, "எனக்கு டயர் பஞ்சர் மட்டும்தாங்க தெரியும்" என்று உள்ளதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டாராம்.

கடை இல்லாமல் அவள் படுகிற பாட்டை அழாமல் சொன்னாள். தினம் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ். போன் வந்த வீடுகளுக்கு நடை. ஒரு மிஷினைப் பிரித்துப் போட வேண்டுமென்றால் இடம் கிடையாது. யார் வீட்டு மொட்டை மாடியிலாவது சாக்கு விரித்துச் செய்வாள். பௌர்ணமி வந்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள்; கிரிவலக் கூட்டத்துக்குள் முயல் பையோடு நீந்தி வரவேண்டும். கடை இல்லாத மெக்கானிக்கை நம்பி யாரும் மிஷினைத் தூக்கிக் கொடுப்பதில்லை. போர்டு மாட்டிய கடை இருந்தால்தான் வேலூரிலிருந்து சாமான் அனுப்புவார்களாம்.

"தை வரைக்கும் பாப்பேங்க. அதுக்குள்ள கடை அமையலன்னா மறுபடி ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரிக்கே போயிடுவேன்" என்றாள். ஏற்கெனவே ஆறு வருஷம் அங்கே வேலை பார்த்தவள். ஒரு அறைக்கு ஆறு பெண்கள், மாதத்துக்கு ஒரு தடவை வீடு. இந்தத் தடவை போனால் விட்டுவிட்டுப் போக ஒரு மகள் வேறு இருக்கிறாள். பை அந்த மகளுடைய பழைய பைதான்.

ஃபேக்டரியில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவசரத்தில் விட்டுவிட்டேன்.

நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. ஆனால் இரக்கப்பட்டுக் கடை கொடுக்கிறவனும் இல்லை. என் பட்டறைக்கு வேலை கேட்டு யார் வந்தாலும் எரிந்துபோன மோட்டார் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பேன். அதே வழக்கம்தான் இங்கேயும். என் வீட்டு மிஷின் ஆறு மாதமாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது.

"அதைச் சரி பண்ணு. கடை உனக்கு" என்றேன். மணிவேல் பக்கத்தில் இருந்துகொண்டே தலையாட்டினான். அவனுக்கு என்ன கவலை? அதற்கு முன் மூன்று மெக்கானிக்குகள் வந்து தோற்றுப் போனதை அவன் பார்த்தவன்.

அந்த மிஷினின் கதையைச் சொல்லியாக வேண்டும். பௌர்ணமி வந்தால் என் வீடு சத்திரம். தங்கம்மாள் பக்கத்துச் சொந்தம், என் பக்கத்துச் சொந்தம், சொந்தத்துக்குத் தெரிந்தவர்கள் என்று கிரிவலம் சுற்றிவிட்டு வந்து கால் நீட்டுவார்கள். மறுநாள் பதினான்கு போர்வை துவைக்கக் கிடக்கும். தங்கம்மாளுக்கு முட்டி வலி. அதனால் சித்திரையில் முன்பக்கம் கதவு வைத்த பெரிய மிஷினாகப் பார்த்து வாங்கினேன். நாங்கள் குடியிருக்கும் முதல் மாடியில், துணி துவைக்கிற இடத்தில் வைத்தோம். துவைக்கும்போது ஒழுங்காக இருந்தது. பிழிய ஆரம்பித்ததும் தடதடவென்று ஆடி, நின்ற இடத்தை விட்டு நகர்ந்து, வாசற்படி வரைக்கும் நடந்து வந்துவிட்டது. தங்கம்மாள் விளக்குமாற்றைக் குறுக்கே பிடித்து நிறுத்தினாள்.

நான் மோட்டார்க்காரன். ஆடுகிற மோட்டாரை எப்படி அடக்குவது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபவுண்டேஷன் போட வேண்டும். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை, முக்கால் ஜல்லி, கம்பி கட்டி, மிஷினின் நாலு காலையும் உள்ளே வைத்து அரை அடி காங்கிரீட் போட்டேன். ஏழு நாள் தண்ணீர் கட்டினேன். அதற்குப் பிறகு மிஷின் ஒரு அங்குலம் நகரவில்லை. அதற்குப் பதிலாக வீடு ஆடியது. பிழிகிற நேரத்தில் அலமாரியில் பாத்திரங்கள் பேசின. இரண்டாவது மாடியில் குடியிருக்கும் புகழேந்தி, நான் ரகசியமாகப் போர்வெல் போடுகிறேனா என்று கேட்டுக்கொண்டு கீழே வந்தார்.

பிழிவதை நிறுத்திவிட்டுச் சொட்டச் சொட்ட எடுத்துக் கையால் முறுக்க வேண்டியதாயிற்று. முதலில் வந்த மெக்கானிக் பேரிங் என்றார். இரண்டாவது ஆள் ஷாக் அப்சார்பர் என்றார். மூன்றாவது ஆள் காங்கிரீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி பௌர்ணமிக்கு மறுநாள் ரேணுகாம்பாள் வந்தாள். நல்ல நாளாகப் பார்த்துத்தான் வந்தாள். போர்வைகள் மலையாகக் குவிந்திருந்தன. வேடிக்கை பார்க்க மணிவேலும் வந்து உட்கார்ந்திருந்தான். தங்கம்மாள் காபி கொடுத்தாள். வந்தவள், வேலை முடித்துவிட்டுக் குடிப்பதாகச் சொல்லி மூடி வைத்தாள். வெறும் மிஷினைப் பிழிகிற வேகத்தில் ஓட விடச் சொன்னாள். அது தடதடத்தது. அவள் ஸ்பானரை எடுக்கவில்லை. மிஷினின் தலையில் உள்ளங்கையை விரித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முதலில் மேலே, பிறகு இடது பக்கம், பிறகு வலது பக்கம். கோயிலில் விபூதி வாங்கிய பிறகு நிற்கிற மாதிரி நின்றாள்.

"இன்னாம்மா, சாமி வருதா?" என்று கேட்டேன்.

"சாமி வந்தாகூட இவ்ளோ ஆடாதுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

தங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாற்பத்தொரு வருஷமாக அவள் சிரிப்பை அப்படித்தான் ஒளிப்பாள். ஒளித்ததே இல்லை.

மிஷினை நிறுத்திவிட்டு, பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளிதான் இருந்தது. மிஷினை முன்னால் இழுக்க வேண்டுமென்றால் காங்கிரீட்டை உடைக்க வேண்டும். உடைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கலவை லேசுப்பட்ட கலவை இல்லை. முன்பக்கம் திறந்து பார்க்கட்டும், பேரிங் இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, எல்லாம் பார்க்கட்டும். பின்பக்கத்தில் வெறும் தகரம்தானே என்றேன்.

அவள் வாக்குவாதம் பண்ணவில்லை. ஒட்டடைக் கம்பு இருக்கிறதா என்று தங்கம்மாளைக் கேட்டாள். வந்தது. தன் செல்போனில் வீடியோவைப் போட்டு, டார்ச்சை எரியவிட்டு, தலைமுடியில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, போனைக் கம்பின் நுனியில் கட்டினாள். கம்பை மிஷினுக்குப் பின்னால் விட்டு மெல்ல மேலிருந்து கீழாக இறக்கினாள், பிறகு இடமிருந்து வலமாக நகர்த்தினாள். என் பட்டறையில் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். இந்த யோசனை ஒருவனுக்கும் வந்திருக்காது. எனக்கு வந்திருக்கும், ஆனால் என்னிடம் அந்த மாதிரி போன் இல்லை.

போனை எடுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தாள். எதிர்வீடு இராமலிங்கத்தினுடையது, ரிட்டையர்டு கண்டக்டர். அங்கே எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"இந்த மிஷினை மாட்டினது யாருங்க ஐயா?"

நான்தான் என்றேன். கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தார். வந்ததும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மிஷினின் முதுகுப் பக்கம் போனார். பின்னால் நாலு போல்ட் இருக்கிறது, கழற்ற வேண்டும் என்றார். எனக்கு வந்ததே கோபம். கம்பெனிக்காரன் முறுக்கி அனுப்பிய போல்ட்டை வீட்டில் வைத்துக் கழற்றுவதா? போல்ட்டைக் கழற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்றின பாதிப் பேர் திரும்ப மாட்டமாட்டார்கள். கழற்றியதைப் பழைய இரும்புக்கடையில் போடுகிறவர்களும் உண்டு. உங்கள் வேலை முடிந்தது, கிளம்புங்கள் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் ஒரு தாளில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்து கேட்டார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு நகலைத் தங்கம்மாள் பத்திரமாக வைத்திருந்தாள்.

இதையெல்லாம் ரேணுகாம்பாளிடம் விளக்கமாகச் சொன்னேன். மணிவேல், மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான். அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தங்கம்மாள் அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே நடந்தது எனக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. தங்கம்மாள் எந்த விஷயத்தையும் எனக்கு அன்றைக்கே சொன்னதில்லை. நான் கோபப்பட்டு முடித்த பிறகுதான் சொல்வாள். கம்பெனி ஆள் எழுதிய தாளை அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ரேணுகாம்பாள் அதைப் படித்துச் சொல்லியிருக்கிறாள்: பின்பக்க போல்ட்டுகளைக் கழற்ற வாடிக்கையாளர் சம்மதிக்கவில்லை, எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை, இதனால் வரும் பழுதுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. கீழே என் கையெழுத்து, அழகாக.

தங்கம்மாளுக்கு என்னைத் தெரியும். அவள் சொன்னது இதுதான்: "அவருகிட்ட நேரா சொல்லாதம்மா. பேரிங் போயிடுச்சு, மாத்தணும்னா காங்கிரீட்டை ஒடைச்சாவணும்னு சொல்லு. ஒடைச்சதும் பேரிங் வாங்க நான் அவரைக் கடைக்கு அனுப்பி வெக்கிறேன். அவரு வர்றதுக்குள்ள கழட்டி எடுத்துக்கினு போயிடு. மிஷினும் ஓடும், கடையும் உனக்கு ஆவும்."

தை வரைக்கும்தான் கெடு என்று சொன்னவள். பதினோரு பில்டிங்கில் இல்லை என்று கேட்டவள். அவள் இடத்தில் நானாக இருந்தால் பேரிங் என்று சொல்லியிருப்பேன். இல்லை, நான் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

அவள் வெளியே வந்தாள். முன்பக்கம் நின்றுகொண்டு, மிஷினிடம் பேசுவது போல என்னிடம் பேசினாள்.

"ஐயா, சந்தையில மாடு வாங்கினா டெம்போவுல எப்படிக் கொண்டாருவோம்? அசையாம நாலு பக்கமும் கட்டிதானே?"

ஆமாம் என்றேன்.

"வீட்டுக்கு வந்தப்புறம் அந்தக் கட்டை அவுக்காம, அப்படியே புல்லு போட்டுப் பால் கறக்க உக்காந்தா இன்னா ஆவும்?"

"உதைக்கும்."

"உங்க மிஷின் அதைத்தாங்க பண்ணுது. உள்ள இருக்கிற தொட்டி ஸ்பிரிங்ல தொங்கினு இருக்கணும். லாரியில வரச்சொல்லோ அடிபடக் கூடாதுன்னு அந்த நாலு போல்ட்டைப் போட்டு இறுக்கி அனுப்புவாங்க. வந்ததும் கழட்டிடணும். நீங்க கழட்ட விடல. பேரிங்லாம் நல்லாத்தான் கீது."

மணிவேல் செல்போனைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுபது வயதில், என் வீட்டில், என் காங்கிரீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு பெண் என்னைப் பார்த்துச் சொல்கிறாள். கம்பெனிக்காரன் என்ன முட்டாளா, கழற்றுவதற்கென்றே ஒருவன் போல்ட் போடுவானா, போட்டவனைக் கேட்டுப் பார்த்தாயா என்று சத்தம் போட்டேன்.

"போட்டதே நான்தாங்க" என்றாள்.

அப்போதுதான் அவளுடைய ஆறு வருஷம் வெளியே வந்தது. ஃபேக்டரியில் அவளுடைய வேலையே அதுதான். கன்வேயரில் மிஷின்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வரும். அவள் நாலு போல்ட்டை முறுக்க வேண்டும். மேலே இடது, கீழே வலது, மேலே வலது, கீழே இடது. நாற்பது வினாடிக்கு ஒரு மிஷின். முன்பக்கம் எப்படி இருக்கும் என்பதையே அவள் இரண்டு வருஷம் கழித்து ஒரு கடையின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாளாம். எத்தனை ஆயிரம் மிஷினை முறுக்கி அனுப்பினாளோ கணக்கில்லை. தான் போட்டதை யாரோ ஒருவர் கழற்றுவார் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அந்த யாரோ ஒருவர் யார், கழற்றின பிறகு அது எப்படி ஓடும் என்று பார்க்க ஆசை வந்துதான், ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்து ரிப்பேர் வேலை பழகியிருக்கிறாள்.

அந்த ஆறு வருஷம் அவள் கையை விட்டு இன்னும் போகவில்லை. அவள் மூடிய ஊறுகாய் பாட்டிலை அவர்கள் வீட்டில் வேறு யாரும் திறக்க முடியாது. வீட்டுக்காரர் அதை வேன் டூல்ஸ் வைத்துத்தான் திறப்பாராம். மாமியார் எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, "எம்மா, லூசா மூடுன்னு எத்தினி வாட்டி சொல்றது" என்று தெருவில் நின்று ஆள் கூப்பிட்டிருக்கிறார். குழாயை அவள் மூடினால் அடுத்த நாள் காலையில் தண்ணீர் வராது.

இவ்வளவையும் தங்கம்மாள் கேட்டுக் கேட்டு வாங்கினாள். நான் கேட்காதது போல உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒன்று கேட்க வேண்டியதாயிற்று. பார்க்காமலே பின்பக்கம்தான் என்று எப்படித் தெரிந்தது?

அவள் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைக் காட்டினாள். பதினைந்து நாளைக்கு முன்னால் எதிர்வீட்டு மிஷினை அவள்தான் சரி பண்ணியிருக்கிறாள். அங்கேயும் நாலு போல்ட். ஏன் கழற்றவில்லை என்று கேட்டதற்கு இராமலிங்கம் சொன்னாராம், மோட்டார் தருமன் ஐயா கழற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்று. அந்த இராமலிங்கம் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? மிஷினுக்குள் இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது, மாற்றினேன் என்றார். கண்டக்டர் வேலையில் முப்பது வருஷம் பொய் சொல்லாதவர், எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார்.

காங்கிரீட்டை உடைக்க வேண்டியதுதான் என்று தங்கம்மாள் தீர்ப்புச் சொன்னாள். மணிவேல் கொத்தனாரைக் கூப்பிடவா என்றான். நான் கட்டியதை நான்தான் உடைப்பேன் என்று உளியும் சுத்தியலும் எடுத்தேன். இங்கே ஒன்றை எழுதி வைக்க வேண்டும். அந்தக் காங்கிரீட் உடைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ரேணுகாம்பாளே இடையில், "நல்லா போட்டிருக்கீங்க ஐயா" என்றாள். கேலியா பாராட்டா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மிஷினை முன்னால் இழுத்தோம். அவள் பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்தாள். மேலே இடது, கீழே வலது, மேலே வலது, கீழே இடது. நான் வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் நாலும் கீழே கிடந்தன. விரல் நீளம் ஒவ்வொன்றும், கூடவே ஒரு ரப்பர் குழாய். ஓட்டைகளை அடைக்க நாலு பிளாஸ்டிக் மூடி கம்பெனி கொடுத்திருப்பார்களே என்று கேட்டாள். தங்கம்மாள் தையல் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவற்றில் ஊசி குத்தி வைத்திருந்தாள். ரேணுகாம்பாள் மிஷினின் கால்களில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டி, அவற்றைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைத்து, என் ரசமட்டத்தை மேலே வைத்து மட்டம் பார்த்தாள்.

நாலு போர்வையைப் போட்டு ஓட விட்டாள். பிழிகிற நேரம் வந்தது. சத்தமே இல்லை; மிஷின் ஓடுகிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. தங்கம்மாள் மூடி வைத்த காபியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, டம்ளரை மிஷினின் தலையிலேயே வைத்தாள். விளிம்பு வரைக்கும் காபி. ஒரு சொட்டு சிந்தவில்லை. ரேணுகாம்பாள் அதை எடுத்துக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆறு வருஷமாக மிஷினின் முதுகை மட்டும் பார்த்தவள் அல்லவா.

கடை விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. மணிவேல்தான் எடுத்தான். "இன்னா இருந்தாலும் மாமா மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்லியிருக்க வேணாம்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாக்கு கொடுத்தது நான். ஆனால் அவள் தினமும் என் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தால், நான் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த நாலு போல்ட்டும் என் கூடவே ஏறி இறங்குமே. இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவள் முகம் ஒன்றும் மாறவில்லை. பதினோரு தடவை கேட்டுப் பழகிய முகம். கருவிகளை முயல் பைக்குள் போட்டாள். படிக்கட்டு வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"வேற யாருக்காச்சும் சொல்லியிருக்கீங்களா ஐயா, கழட்ட வேணாம்னு?"

சொல்லியிருந்தேன். நல்ல விஷயம் என்றால் நாலு பேருக்குச் சொல்வது என் பழக்கம். என்னைப் பார்த்து இதே மாதிரி மிஷின் வாங்கிய புகழேந்திக்குச் சொல்லியிருந்தேன். பின் தெருவில் ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அருணாதேவி டீச்சருக்குச் சொல்லியிருந்தேன்.

"நான் போய்க் கேட்டா கழட்ட விடமாட்டாங்க. உங்க பேச்சை மீறி என் பேச்சு எடுபடாது. நீங்க கூட வந்தீங்கன்னா இன்னிக்கே முடிச்சிடலாம். இல்லன்னா தொட்டி ஒடைஞ்சிடும்."

கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மணிவேல் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் என்னைச் சட்டையை மாட்ட வைத்தது.

புகழேந்தி வீட்டில் நான் சமாளித்துவிட்டேன். கம்பெனிக்காரன் இப்போது புது ரூல் போட்டிருக்கிறான், போல்ட்டைக் கழற்ற வேண்டுமாம் என்றேன். ரேணுகாம்பாள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குனிந்து வேலையைப் பார்த்தாள். நாலு போல்ட்டையும் புகழேந்தியின் மனைவி கையில் கொடுத்து, வீடு மாறும்போது மறுபடி போட வேண்டும், பத்திரமாக வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

டீச்சர் வீட்டில் அது நடக்கவில்லை. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ரூல் எப்ப மாறிச்சு? எதுல போட்டிருக்கான், காட்டுங்க" என்றார். நான் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். ரேணுகாம்பாள் மிஷினுக்குப் பின்னால் முதல் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை. வந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். எனக்கு நாலாவது வகுப்பில் டீச்சர் முன்னால் நின்ற ஞாபகம் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

"ரூலெல்லாம் மாறல டீச்சர்" என்றேன். "நான்தான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேன். எனக்கு அது தெரியல."

டீச்சர் என்னைப் பார்த்தார். மார்க் போடுகிற பார்வை. பிறகு மிஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இது யாரு, உங்க சொந்தக்காரப் பொண்ணா?" என்று கேட்டார்.

வாய் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது. "நம்ம பில்டிங்ல நாலாவது கடை டீச்சர். வாஷிங் மிஷின் ரிப்பேர். எது போனாலும் இதுகிட்ட குடுங்க, நல்ல வேலைக்காரி."

மிஷினுக்குப் பின்னால் ஸ்பானர் சத்தம் நின்றது. எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஸ்பானர் மறுபடி திரும்பியது. கூடவே அவள் குரலும் வந்தது, எப்போதும் போல நிதானமாக.

"ஐயா, அந்தக் கடை ஷட்டர் கீழ ஒரு சாண் இறங்க மாட்டேங்குது. கடை கேக்க வந்தப்பவே பாத்தேன். எந்த மகராசனோ தண்டவாளத்தைக் கோணலா வெச்சி வெல்டு அடிச்சிட்டிருக்கான். சரி பண்ணிக்கட்டுமா?"

தாராளமாகப் பண்ணிக்கொள்ளச் சொன்னேன். அந்த வெல்டை அடித்த மகராசன் யார் என்று டீச்சர் முன்னால் சொல்ல வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.